வைரத்தை விழுங்கினால் உயிர் போய்விடுமா? 1563-லேயே பதில் எழுதிய டாக்டர் கார்சியா டி ஓர்டாவின் கதை

பழைய தமிழ் சினிமா பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. ஜமீன் நொடித்துப் போகும். மானம் போனபின் வாழக்கூடாது என்று பெரியவர் முடிவெடுப்பார். விரலில் இருக்கும் வைர மோதிரம் ஒன்று மின்னும். கல்லைப் பொடி செய்து வாயில் போட்டுக்கொள்வார். அடுத்த சீனில் மாலையோடு போட்டோ தொங்கும்.

வைரம் விஷம் என்பது கோடம்பாக்கம் கண்டுபிடித்த விஷயம் இல்லை. 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் இதே நம்பிக்கைதான். ரோமில் சிறையில் இருந்த புகழ்பெற்ற இத்தாலியச் சிற்பி பென்வெனூட்டோ செல்லினி, தன் சாப்பாட்டில் எதிரிகள் வைரத்தூள் கலந்ததாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். வைரத்தைப் பொடிக்கச் சொல்லிக் கொடுத்த ஆசாரி அசல் கல்லைத் தானே அமுக்கிக்கொண்டு, மட்டமான வேறு கல்லைப் பொடித்துக் கொடுத்துவிட்டானாம். அதனால்தான் பிழைத்தேன் என்பது செல்லினியின் கணக்கு. அசல் வைரமாகவே இருந்திருந்தாலும் பிழைத்திருப்பார் என்பது அவருக்குத் தெரியாது.

அது தெரிந்த ஒருவர் அதே காலத்தில் இந்தியாவில் இருந்தார். பெயர் கார்சியா டி ஓர்டா. போர்ச்சுக்கீசிய டாக்டர். கோவாவில் அச்சான அவருடைய புத்தகம் இந்திய மருந்துப் பொருட்களைப் பற்றி ஐரோப்பாவுக்குப் பாடம் எடுத்தது. அவர் யார், என்ன சொன்னார், அவர் கதைக்கும் கொச்சி மட்டாஞ்சேரிக்கும் என்ன சம்பந்தம்? வரிசையாகப் பார்க்கலாம்.

யார் இந்த ஓர்டா?

1501 வாக்கில் போர்ச்சுக்கலின் காஸ்டெலோ டி விடே என்ற எல்லையோர ஊரில் பிறந்தவர். அவருடைய குடும்பம் யூதக் குடும்பம். 1492-ல் ஸ்பெயின் யூதர்களை நாட்டைவிட்டுத் துரத்தியபோது எல்லை தாண்டி போர்ச்சுக்கலுக்கு வந்தார்கள். 1497-ல் போர்ச்சுக்கலும் யூதர்களைக் கட்டாய மதமாற்றம் செய்தது. இப்படி மாற்றப்பட்டவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் 'புதிய கிறிஸ்தவர்கள்' என்று பெயர். பெயரில்தான் கிறிஸ்தவர்கள், வீட்டுக்குள் இன்னும் யூதர்களாகவே இருக்கிறார்கள் என்ற சந்தேகம் மட்டும் தலைமுறை தாண்டியும் போகவில்லை.

ஓர்டா ஸ்பெயினின் சலமான்கா, அல்காலா பல்கலைக்கழகங்களில் மருத்துவம் படித்தார். ஊரில் பிராக்டீஸ் செய்தார். பிறகு லிஸ்பன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலை. நல்ல வேலைதான். ஆனாலும் 1534-ல் மார்ட்டிம் அபோன்சோ டி சூசா என்ற படைத்தளபதியின் டாக்டராகக் கப்பல் ஏறி கோவாவுக்கு வந்துவிட்டார். இரண்டே வருஷத்தில், 1536-ல், போர்ச்சுக்கலில் மத விசாரணை மன்றம் தொடங்கியது. புதிய கிறிஸ்தவர்களைத் துருவித் துருவி விசாரிப்பதுதான் அதன் முக்கிய வேலை. ஓர்டா சரியான நேரத்தில் கிளம்பியிருக்கிறார்.

சூசா சாதாரண ஆள் இல்லை. 1538-ல் ராமேஸ்வரம் பக்கத்தில் வேதாளையில் சாமூதிரியின் கப்பற்படையை முறியடித்தவர். பிறகு போர்ச்சுக்கீசிய இந்தியாவுக்கே கவர்னர் ஆனார். அவருடைய நிழலில் ஓர்டாவுக்கு நல்ல பாதுகாப்பு இருந்தது. கோவாவில் பெரிய மனிதர்களுக்கு வைத்தியம், அகமதுநகர் சுல்தான் புர்ஹான் நிஜாம் ஷாவின் அரண்மனையில் மரியாதை, மூலிகைத் தோட்டம், மணிக்கல் வியாபாரம் என்று வாழ்க்கை வளமாக ஓடியது. பம்பாய்த் தீவும் அவர் குத்தகையில் இருந்தது. ஆமாம், இன்றைய மும்பைதான்!

இந்தியாவுக்கு வந்து கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழித்து, 1563-ல், தன் புத்தகத்தை வெளியிட்டார். கோவாவில் அச்சான ஆரம்பகாலப் புத்தகங்களில் அதுவும் ஒன்று. புத்தகம் முழுக்க இரண்டு பேரின் உரையாடல். ஒருவர் ஓர்டா. இன்னொருவர் ருவானோ என்ற கற்பனை டாக்டர், ஐரோப்பாவில் புத்தகம் படித்தே எல்லாம் தெரிந்துகொண்டவர். ருவானோ பழைய கிரேக்க ஆசிரியர்களை மேற்கோள் காட்டுவார். ஓர்டா இங்கே தான் பார்த்ததையும், உள்ளூர் வைத்தியர்கள், வியாபாரிகளிடம் கேட்டதையும் சொல்வார். ஸ்பெயினில் இருந்திருந்தால் கேலன் போன்ற மேதைகளை எதிர்த்துப் பேசத் தனக்குத் துணிச்சல் வந்திருக்காது என்று அதிலேயே ஒப்புக்கொள்கிறார். மிளகு, ஏலம், வெற்றிலை, மாம்பழம், அபின் என்று பட்டியல் நீளும். ஆசிய காலராவை நேரில் பார்த்து விரிவாக எழுதிய முதல் ஐரோப்பிய டாக்டர்களில் அவர் ஒருவர்.

வைரம் விழுங்கியவர்கள் என்ன ஆனார்கள்?

வைரத்துக்கு அந்தப் புத்தகத்தில் தனி அத்தியாயமே உண்டு. அந்தக் காலத்தில் வைரத்துக்குப் பேர் போனது விஜயநகரப் பேரரசு. அங்கே 30 மஞ்சாடிக்கு மேல் எடையுள்ள கல் கிடைத்தால் அது அரசருக்குச் சொந்தம் என்று எழுதுகிறார். நம் ஊர் ஆசாரிகள் எடை போட்ட அதே மஞ்சாடிதான்.

கல் பெரிதானால் திருட்டு ஆசையும் பெரிதாகும். ஒளித்து வைக்க வயிற்றைவிடப் பாதுகாப்பான இடம் எது? அடிமைகள் வைரத்தை விழுங்கி, பிறகு மலத்தோடு வெளியே எடுத்ததை ஓர்டா குறிப்பிடுகிறார். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

முழுக்கல் சரி, பொடித்தால்? அதற்கும் ஒரு கேஸ் வைத்திருந்தார். நாள்பட்ட வயிற்றுக்கடுப்பால் அவதிப்பட்ட ஒருவருக்கு அவர் மனைவி வைரத்தூளைத் தொடர்ந்து கொடுத்து வந்தார். தூள் அவரைக் கொல்லவில்லை. அதை நிறுத்திப் பல நாள் கழித்துத்தான், பழைய நோயாலேயே இறந்தார். வைரத்தூள் குடலை ஓட்டை போட்டுவிடும் என்று ஊரே நம்பிய காலத்தில், அப்படி இல்லை என்று அச்சில் எழுதினார் ஓர்டா.

இன்றைய மருத்துவம் அவர் பக்கம்தான். வைரம் சுத்தமான கார்பன். வயிற்றில் சுரக்கும் அமிலத்தால் அதைக் கரைக்க முடியாது. கரையாத பொருள் ரத்தத்தில் கலக்காது, அதனால் விஷமாகவும் ஆகாது. கல் கடினமானது என்பதற்காக அது குடலைக் கிழித்துவிடும் என்றும் சொல்ல முடியாது. குடல் சுவர் வழவழப்பான சளிப்படலம் கொண்டது, வளைந்து கொடுத்து நகரக்கூடியது. சின்ன மணிகள் உணவோடு சேர்ந்து போய்விடும்.

வயிற்றுக்குள்ளேயே விளையும் கல்

ஓர்டாவும் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவர் இல்லை. 'பெசோவார்' கல்லை அவர் முழுசாக நம்பினார். ஆடு போன்ற விலங்குகளின் வயிற்றில், செரிக்காத துரும்பைச் சுற்றி அடுக்கடுக்காகப் படிந்து உருவாகும் உருண்டை அது. விஷமுறிவுக்கு உரசிக் கொடுப்பார்கள். பாரசீகக் கல்லுக்குத்தான் மவுசு. கன்னியாகுமரி தாண்டி 'பசுக்களின் தீவு' என்று போர்ச்சுக்கீசியர்கள் அழைத்த தீவின் ஆடுகளிடமும் அது கிடைத்ததை ஓர்டா பதிவு செய்திருக்கிறார். யாழ்ப்பாணம் பக்கத்தில் இருக்கும் நெடுந்தீவுக்குத்தான் அப்போது அந்தப் பெயர்.

ஆனால் அது வேலை செய்ததா? 1560-களில் பிரான்ஸில் அறுவை மருத்துவர் அம்ப்ரோய்ஸ் பாரே இதைச் சோதித்தார். வெள்ளித் தட்டு திருடியதற்காகத் தூக்கு விதிக்கப்பட்ட சமையல்காரர் ஒருவர், தூக்குக்குப் பதில் விஷமும் பெசோவாரும் சாப்பிட ஒப்புக்கொண்டார். சில மணி நேரத்தில் துடிதுடித்துச் செத்தார். இன்றைக்கு நினைத்தால் நெஞ்சு பதறும் சோதனை. ஆனால் கல் காப்பாற்றவில்லை என்பது நிரூபணமானது.

பெசோவார் என்ற சொல் மருத்துவத்தில் இன்றும் இருக்கிறது, மருந்தாக அல்ல, நோயாக. தலைமுடியைப் பிய்த்து விழுங்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்த முடி செரிக்காது. வழுக்கிக்கொண்டே இரைப்பையில் தங்கி, சளியோடு சேர்ந்து பந்தாகிவிடும். வால் முளைத்தது போல சிறுகுடல் வரைக்கும் நீண்டால் அதற்கு 'ரப்பன்ஸல் சிண்ட்ரோம்' என்று பெயர். 2020 ஜனவரியில் கோவையில் 13 வயதுச் சிறுமியின் வயிற்றிலிருந்து அரை கிலோ முடியும் காலி ஷாம்பூ பாக்கெட்டுகளும் அறுவை சிகிச்சையில் எடுக்கப்பட்டன. இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் பெரும்பாலும் மன அழுத்தம் இருக்கும். ஆபரேஷனோடு நிறுத்தாமல் மனநல சிகிச்சையும் கொடுக்காவிட்டால் முடிப்பந்து திரும்ப வரலாம்.

இப்போது யாராவது எதையாவது விழுங்கிவிட்டால்?

விழுங்கிய பொருட்களில் 80 முதல் 90 சதவீதம் தானாகவே வெளியே வந்துவிடும். 10 முதல் 20 சதவீதத்துக்கு எண்டோஸ்கோப்பி தேவைப்படலாம். அறுவை சிகிச்சை ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இரைப்பையைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் 4 முதல் 6 நாளில் வேலை முடிந்துவிடும். சிக்கல் வருவது முக்கியமாக உணவுக்குழாயில். அதுவும் தொண்டையின் கீழ்ப்பக்கம் குறுகலான இடம்.

பயப்பட வேண்டியது வைரத்துக்கு அல்ல, ரிமோட்டில் இருக்கும் பட்டன் பேட்டரிக்குத்தான். உணவுக்குழாயில் சிக்கினால் ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து காரம் உருவாகும். இரண்டே மணி நேரத்தில் சதை வெந்துபோகலாம். இரண்டு காந்தங்களை விழுங்கினால் அவை குடலின் இரண்டு மடிப்புகளை நடுவில் வைத்து ஒட்டிக்கொண்டு ஓட்டை போட்டுவிடும். இந்த இரண்டிலும் காத்திருக்கக் கூடாது. வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்னொரு ஆபத்து கொச்சிக்கு நன்றாகத் தெரியும். 2024-லும் 2025-லும் நெடும்பாசேரி விமான நிலையத்தில் வெளிநாட்டுப் பயணிகள் கொக்கைன் கேப்ஸ்யூல்களை விழுங்கி வந்து அதிகாரிகளிடம் சிக்கினார்கள். ஓர்டா எழுதிய அதே டெக்னிக்தான். ஒரே வித்தியாசம், வைரம் உடையாது. கேப்ஸ்யூல் ஒன்று உள்ளே உடைந்தாலும் உயிர் போய்விடும். அதனால் டாக்டர்கள் பொதுவாக அதை எண்டோஸ்கோப்பியில் இழுக்க மாட்டார்கள். கண்காணிப்பில் வைத்து வெளியே வரும்வரை காத்திருப்பார்கள். அடைத்துக்கொண்டாலோ உடைந்தாலோ ஆபரேஷன்தான்.

மட்டாஞ்சேரி எங்கே வருகிறது?

ஓர்டாவின் காலத்தில் கொச்சி இரண்டு ஊராக இருந்தது. கடலோரம் போர்ச்சுக்கீசியர்களின் கோட்டை. அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, கொச்சி மன்னரின் மட்டாஞ்சேரி.

1550-களின் கடைசியில், கொச்சியில் இருந்த புதிய கிறிஸ்தவர்கள் சிலர், ரகசியமாக யூத மதத்தைப் பின்பற்றுகிறார்கள் என்று பிடிக்கப்பட்டு லிஸ்பனுக்கு விசாரணைக்கு அனுப்பப்பட்டார்கள். 1560-ல் கோவாவிலேயே மத விசாரணை மன்றம் வந்துவிட்டது. அதே சமயம் மட்டாஞ்சேரியில் நிலைமை வேறு. ஸ்பெயின், போர்ச்சுக்கல் பக்கமிருந்து தப்பி வந்த யூதர்களை மன்னர் ஏற்றுக்கொண்டார். அவர்களின் தலைவருக்குக் கொச்சி அரசு கொடுத்த பட்டம் 'முதலியார்'. அரண்மனையை ஒட்டியே நிலம் கொடுக்கப்பட்டது. அங்கே 1568-ல் பரதேசி ஜெப ஆலயம் எழுந்தது. இன்று டூரிஸ்ட்டுகள் வரிசையில் நிற்கும் அதே கட்டடம்.

1568-ல்தான் ஓர்டாவும் கோவாவில் இறந்தார். கட்டாய மதமாற்றத்துக்கு ஆளான குடும்பத்தில் பிறந்தவர், கடைசி வரை வெளியே கிறிஸ்தவராகவே இருந்தார். தெற்கே சில நாள் கப்பல் பயணத்தில், அவருடைய முன்னோர்களின் வழிபாடு பகிரங்கமாக நடக்கும் ஆலயம் ஒன்று எழுந்துகொண்டிருந்தது.

எலும்பையும் விட்டுவைக்கவில்லை

ஓர்டா இறந்ததும் பாதுகாப்பு போச்சு. மத விசாரணை மன்றம் அவர் குடும்பத்தின் மீது பாய்ந்தது. தங்கை கத்தரீனா 1569 அக்டோபரில் கோவாவில் உயிரோடு எரிக்கப்பட்டார். விசாரணையில் குடும்பத்தினர் கொடுத்த வாக்குமூலங்களில், ஓர்டாவும் ரகசியமாக யூத நம்பிக்கையோடு இருந்தார் என்ற தகவல் வந்தது. 1580-ல், இறந்து பன்னிரண்டு வருஷம் கழித்து, அவருடைய எலும்புகளைத் தோண்டி எடுத்து எரித்துச் சாம்பலை மாண்டோவி ஆற்றில் கரைத்தார்கள்.

புத்தகத்தை அப்படிக் கரைக்க முடியவில்லை. 1567-லேயே குளூசியஸ் என்ற தாவரவியல் அறிஞர் அதை லத்தீனில் சுருக்கி ஆண்ட்வெர்ப்பில் வெளியிட்டுவிட்டார். அதன் பிறகு ஐரோப்பாவில் இந்திய மருந்துகளைப் பற்றிப் பேசியவர்கள் பலரும் அந்தச் சுருக்கத்தைத்தான் படித்தார்கள். இன்று பனாஜியில் ஓர்டா பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது.

தன் நம்பிக்கையை வெளியே சொல்ல முடியாமல் வாழ்ந்த ஒருவர், வைரம் விஷமா என்ற கேள்வியில் மட்டும் ஊர் நம்பிக்கைக்குப் பயப்படவில்லை. வாட்ஸ்அப்பில் வரும் வைத்தியக் குறிப்பை ஃபார்வர்டு செய்வதற்கு முன்னால் அவருடைய வழியை நாமும் பின்பற்றலாம். எல்லாரும் சொல்கிறார்கள் என்பதை ஓரமாக வைத்துவிட்டு, சாப்பிட்டவர்களுக்கு நிஜமாகவே என்ன ஆனது என்று விசாரித்தால் போதும்.