கொல்லன் மகன் கண்ட திரவம்

மின்சாரம் என்றதும் மைக்கேல் பாரடேயின் பெயர் நம் நினைவுக்கு வரும். டைனமோவுக்கு ஆதாரமான உண்மையை 1831-ம் வருஷத்தில் கண்டறிந்தவர் அவர். ஆனால் அதற்கு ஆறு வருஷங்களுக்கு முன்பே அவர் கையில் ஒரு திரவம் அகப்பட்டது. சாயம், மருந்து, ரப்பர், நைலான் முதலிய எத்தனையோ தொழில்களுக்கு அது தாயாயிற்று. எத்தனையோ தொழிலாளிகளுக்கு எமனாகவும் ஆயிற்று. அந்தத் திரவந்தான் பென்சீன்.

புத்தகம் தைத்த பையன்

பாரடே 1791-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி லண்டனை அடுத்த நியூவிங்டனில் பிறந்தார். தகப்பனார் நோயாளியான ஒரு கொல்லர். வீட்டில் வறுமை. பள்ளிப் படிப்பு எழுத்தும் கணக்கும் கற்றதோடு நின்றது. 14-வது வயதில் பையனைப் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலைக்கு விட்டார்கள்.

பிறர் தைத்துக் கொடுத்துவிட்டுப் போகும் புத்தகங்களை இந்தப் பையன் படித்தும் பார்த்தான். ரசாயன நூல் ஒன்று அவன் மனத்தைக் கவ்வியது. 1812-ல் பிரபல விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் பிரசங்கங்களைக் கேட்க, கடைக்கு வரும் ஒருவர் அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்தார். பாரடே குறிப்பெடுத்து, படம் வரைந்து, தாமே அழகாக பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். கற்ற தொழில் கைகொடுத்தது! 1813 மார்ச்சில் ராயல் இன்ஸ்டிடியூஷன் ஆராய்ச்சிசாலையில் உதவியாளர் வேலை கிடைத்தது. குடியிருக்க மாடியில் இரண்டு அறைகளும் கிடைத்தன.

கலத்தின் அடியில் தங்கிய எண்ணெய்

அந்த நாளில் லண்டனில் விளக்கெரிக்க, எண்ணெயைக் காய்ச்சி வாயு எடுப்பார்கள். அதை முப்பது மடங்கு அழுத்தி உலோகக் கலங்களில் அடைத்து வீடுகளுக்கு எடுத்துச் செல்லும் கம்பெனி ஒன்று இருந்தது. வாயுவை அழுத்தும்போதெல்லாம் அடியில் ஒரு திரவம் தங்கியது. மற்றவர்களுக்கு அது வெறும் கசடு. பாரடேக்கோ அது ஒரு புதிர்.

அவர் அத்திரவத்தை மெல்லச் சூடாக்கி, வெவ்வேறு சூட்டில் ஆவியாகும் பகுதிகளைத் தனித்தனியே பிடித்தார். ஒரு பகுதியைப் பனிக்கட்டியில் வைத்துக் குளிரச் செய்தார். அது கற்கண்டுபோல் உறைந்தது. உறையாததைப் பிழிந்து நீக்கினார். மிஞ்சியது சுத்தமான பென்சீன். அதில் கரியும் ஹைட்ரஜனும் தவிர வேறொன்றும் இல்லை என்று நிறுத்துக் காட்டினார். 1825 ஜூன் 16-ந் தேதி ராயல் சொசைட்டியில் இதை அறிவித்தார். கரியணுக்கள் ஆறும் வளையமாகக் கைகோத்து நிற்கின்றன என்ற விளக்கத்தை ஜெர்மானியர் கேக்குலே 1865-ல் வெளியிட்டபோது, பாரடே உயிரோடுதான் இருந்தார்.

பார்ப்பதற்குப் பென்சீன் தண்ணீர்போல் நிறமற்றது. ஆனால் தண்ணீரில் கலவாது, மேலே மிதக்கும். இனிப்பான ஒரு வாசனை உண்டு. 80 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும்; ஐந்தரை டிகிரியில் உறையும். கொழுப்பு, மெழுகு, குங்கிலியம், ரப்பர் எல்லாவற்றையும் கரைத்துவிடும். தொழிற்சாலைகள் இதை விரும்பியதற்குக் காரணம் இந்தக் குணமே.

ஒரு வாலிபரின் பலி

நிலக்கரித் தாரிலிருந்து பென்சீனை ஏராளமாக எடுக்கும் வழியைக் கண்டவர் சார்லஸ் மான்ஸ்பீல்டு என்ற ஆங்கில இளைஞர். 1855 பிப்ரவரியில், பாரிஸ் பொருட்காட்சிக்காக அவர் திரவத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தபோது அது பொங்கித் தீப்பற்றியது. கட்டடத்தைக் காப்பாற்ற எண்ணி, எரியும் பாத்திரத்தைத் தாமே வெளியில் தூக்கிச் செல்ல முயன்றார். உடல் வெந்து சில நாட்களில் மாண்டார். வயது 35!

பென்சீனின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாக ஊர்ந்து சென்று, தூரத்திலுள்ள அடுப்பையோ விளக்கையோ தொட்டுவிடும். உடனே நெருப்பு திரும்பி ஓடிவரும்.

எலும்புக்குள் புகும் விஷம்

நெருப்பாவது கண்ணுக்குத் தெரிகிறது. இன்னொரு அபாயம் தெரிவதில்லை. மூச்சோடு உள்ளே போகும் பென்சீன், ஈரலில் மாறுதலடைந்து எலும்பு மஜ்ஜையைத் தாக்குகிறது. ரத்தம் ஊறும் இடம் அதுதான். சுவீடன் நாட்டில் சைக்கிள் டயர் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் ரத்தம் வற்றி மடிந்ததை 1897-ல் ஒரு டாக்டர் எழுதி வைத்தார். உலகம் உடனே விழித்துக்கொள்ளவில்லை.

துருக்கியில் செருப்புத் தைப்பவர்கள் பென்சீன் கலந்த பசையைப் பூட்டிய அறைகளில் உபயோகித்தார்கள். அவர்களில் 26 பேருக்கு ரத்தப் புற்றுநோய் கண்டதை டாக்டர் முசாபர் அக்சோய் 1974-ல் வெளியிட்டார். சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1971-லேயே பென்சீனைக் கட்டுப்படுத்த ஓர் ஒப்பந்தம் செய்திருந்தது. இப்போது கரைப்பானாகப் பென்சீனை உபயோகிப்பது பெரும்பாலும் நின்றுவிட்டது. அந்த இடத்தை டொலுவீன் முதலியவை பிடித்துக்கொண்டன. மூடிய குழாய்களுக்குள்ளே, வேறு பொருள்கள் செய்வதற்கான மூலப்பொருளாகவே பென்சீன் பயன்படுகிறது. பெட்ரோலிலும் சிறிதளவு உண்டு. ஆகையால் பெட்ரோலில் கை கழுவுவதும், குழாயில் வாய் வைத்து உறிஞ்சுவதும் தகாத காரியங்கள்.

அந்திக் காலம்

பாரடேயும் அபாயத்துக்குத் தப்பியவர் அல்லர். 1823-ல் குளோரின் ஆராய்ச்சியின்போது கண்ணாடிக் குழாய் வெடித்து, துண்டுகள் அவர் கண்ணில் பாய்ந்தன. நடு வயதிலேயே ஞாபக சக்தி தளர்ந்தது. ஆயினும் குழந்தைகளுக்காகக் கிறிஸ்துமஸ் பிரசங்கங்கள் செய்து மகிழ்ந்தார். சர் பட்டம் வேண்டாம் என்றார். ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியும் வேண்டாம் என்றார். 1867 ஆகஸ்டு 25-ந் தேதி, விக்டோரியா ராணி கொடுத்த ஹாம்ப்டன் கோர்ட் வீட்டில், நாற்காலியில் அமர்ந்தபடியே காலமானார்.

பாரடே தாம் கண்ட திரவத்தை நிறுத்தார், அளந்தார், குணங்களை எழுதி வைத்தார். அதன் விஷத்தை அறிய அன்று வழியில்லை. ஆனால் 1897-ல் சேதி வந்த பிறகும் பசை அறைகளின் ஜன்னல்கள் திறக்கப்படவில்லையே, அந்தக் குற்றம் விஞ்ஞானத்தைச் சேர்ந்ததல்ல. லாபத்தை மட்டும் அளந்து, உயிரை அளக்க மறந்தவர்களையே சேரும்.