எலிகளுக்குச் சமைத்துப் போட்ட டாக்டர்

குழந்தைகளே! மயிலம் பக்கம் மல்லாட்டை இல்லாத வீடு உண்டா? வேர்க்கடலையைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். செக்கில் ஆட்டிய அதன் எண்ணெய்தான் எங்கள் வீட்டில் எல்லாச் சமையலுக்கும். நான் பள்ளியில் வேலை பார்த்த காலத்தில், ஆண்டுதோறும் பிள்ளைகளை எடை பார்த்துக் குறித்து வைப்போம். எடை ஏறியிருந்தால் மகிழ்ச்சி, அவ்வளவுதான். எதைச் சாப்பிட்டு ஏறியது என்று நாங்கள் கேட்டதில்லை. அப்படிக் கேட்ட ஒருவர் நம் நீலகிரியில் இருந்தார். பெயர் ராபர்ட் மக்கேரிசன்.

அவர் 1878-ல் அயர்லாந்தின் வடக்கே போர்ட்டடவுன் என்ற ஊரில் பிறந்தார். மருத்துவம் படித்துவிட்டு 1901-ல் கப்பலேறி இந்தியா வந்தார். காரகோரம் மலைப்பகுதியில் உள்ள கில்கிட்டில் அவருக்கு டாக்டர் வேலை கிடைத்தது. அங்கே பலருக்குக் கழுத்தின் முன்பக்கம் வீங்கித் தொங்குவதைப் பார்த்தார். அதை முன்கழுத்துக் கழலை என்பார்கள்.

உங்கள் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் தைராய்டு சுரப்பி இருக்கிறது. அது சுரக்கும் ஹார்மோன், நாம் சாப்பிட்டதை உடல் எவ்வளவு வேகமாக எரிக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது. அடுப்பைக் கூட்டிக் குறைக்கும் திருகு போல! சுரப்பு குறைந்தால் சோர்வு வரும், எடை ஏறும். மிகுந்தால் உடல் இளைக்கும்.

கால்வாயில் கீழே போகப் போக, அந்தத் தண்ணீரைக் குடிக்கும் ஊர்களில் கழலை அதிகமாவதை மக்கேரிசன் கவனித்தார். தண்ணீரை வடிகட்டினார். மேலே தங்கிய அழுக்கைத் தாமே குடித்தார்! வேறு சிலரும் குடித்தார்கள். அவருக்கே கழுத்து வீங்கியது. கொதிக்க வைத்துக் குடித்தவர்களுக்கு வீங்கவில்லை. ஆனால் கழலைக்கு முக்கியக் காரணம் உணவில் அயோடின் குறைவது என்று பின்னால் தெளிவானது. அதனால்தான் இன்று கடையில் வாங்கும் உப்பில் அயோடின் சேர்க்கிறார்கள். இப்படி நீங்கள் யாரும் செய்து பார்க்க வேண்டாம், கேட்டீர்களா?

1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஓர் அறையில் அவருடைய உணவு ஆராய்ச்சி தொடங்கியது. பணமில்லை என்று 1923-ல் நிறுத்தினார்கள். 1925-ல் மறுபடி தொடங்கினார்.

அங்கேதான் எலிகள் வருகின்றன. ஒரே வயது, ஒரே எடையுள்ள எலிக்குட்டிகளை, குழுவுக்கு 20 என்று ஏழு குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவுக்குச் சீக்கியர் சாப்பாடு: முழுக்கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், பால், பருப்பு, காய்கறி. இன்னொன்றுக்கு நம் சென்னை மாகாணச் சாப்பாடு: தீட்டிக் கழுவிய வெள்ளை அரிசிச் சோறு, கொஞ்சம் பருப்பு, காய், எண்ணெய், காபி. 140 நாள் கழித்து எடை போட்டார். சீக்கியச் சாப்பாட்டு எலிகள் சராசரியாக 235 கிராம். நம் சாப்பாட்டு எலிகள் 155 கிராம். ஏழு குழுக்களில் நாம்தான் கடைசி! படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் தவிட்டோடு சத்தையும் தீட்டி எறிந்துவிட்டு, பாலையும் காயையும் குறைத்துக்கொண்டது யார்?

வெள்ளைக்காரர் சாப்பாட்டையும் அவர் விடவில்லை. அந்நாட்டு ஏழைகள் உண்ட வெள்ளை ரொட்டி, மார்ஜரின், சர்க்கரைத் தேநீர், டின் இறைச்சி, ஜாம் ஆகியவற்றைக் கொடுத்தார். அந்த எலிகள் சரியாக வளரவில்லை. ஒன்றோடொன்று சண்டையிட்டு, கடைசியில் பலவீனமான எலிகளைக் கொன்று தின்றன!

மார்ஜரினும் நம்மூர் வனஸ்பதியும் உறவுக்காரர்கள். எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கும்போது டிரான்ஸ் கொழுப்பு உண்டாகலாம். அது இதயத்துக்குக் கேடு. இப்போது நம் நாட்டில் எண்ணெய், கொழுப்புகளில் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 2022 முதல் இந்த விதி.

சரி, எடை கூடினால் நல்லது தானே என்று கேட்பீர்கள். குட்டி எலிக்கு அது வளர்ச்சி. வளர்ந்து முடித்த பெரியவர்களுக்கு வயிற்றைச் சுற்றி ஏறும் கொழுப்பு வேறு விஷயம். அது இன்சுலின் என்ற இன்னொரு ஹார்மோனைச் சரியாக வேலை செய்ய விடாது. சர்க்கரை நோய்க்கு வழி திறக்கும். பார்க்க ஒல்லியாக இருப்பவருக்கும் உள்ளே இப்படிக் கொழுப்பு சேரலாம். இது நம் இந்தியர்களிடம் அதிகம். தராசு இதைச் சொல்லாது! எண்ணெய் எதுவானாலும், ஒரு கிராமுக்கு 9 கலோரி. செக்கு எண்ணெய் என்பதற்காக வடையை அடுக்கிவிட முடியாது. எனக்கே இது தாமதமாகத்தான் புரிந்தது.

மக்கேரிசன் 1935-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து போனார். 1960-ல் காலமானார். அவருடைய ஆய்வுக்கூடம் 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறியது. இன்று அதுதான் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அந்த ஓர் அறையில் ஆராய்ச்சி தொடங்கிய பாஸ்டர் நிலையம் மட்டும் குன்னூரிலேயே இருக்கிறது. ஊட்டிக்குச் சுற்றுலா போகும்போது, சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்தில் பாருங்கள்.