சொல் தவறாத பாதிரியார்

நம்ம ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரத்தைக் கட்டியவர் சரபோஜி மன்னர் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தச் சரபோஜியை ஆளாக்கியவர் யார் தெரியுமா? சுவார்ட்ஸ் ஐயர் என்ற ஜெர்மானியப் பாதிரியார்!

1726-இல் பிரஷ்ய நாட்டில் பிறந்த சுவார்ட்ஸ், ஹாலே நகரில் படித்தார். அங்கேயே தமிழும் கற்று, 1750-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். பின்னர் திருச்சிக்குச் சென்று, 1767 முதல் கோட்டையிலிருந்த ஆங்கிலப் படைக்குக் குருவானார். கடைசியில் தஞ்சையே அவர் ஊராகிப் போனது.

1779-இல் சென்னை அரசு அவரை ஹைதர் அலியிடம் தூது அனுப்பியது. வெள்ளைக்காரர் யாரையும் நம்பாத ஹைதர் இவரை மட்டும் நம்பினார். ஆனாலும் மறு வருஷமே போர் மூண்டது. தஞ்சைச் சீமை பஞ்சத்தில் தவித்தது. முன்யோசனையோடு நெல் வாங்கி வைத்திருந்த ஐயர், பசித்தவர்க்குச் சோறு போட்டார்.

வரிக் கொடுமை தாங்காமல் குடியானவர்கள் ஊரை விட்டு ஓடிய காலமும் ஒன்று உண்டு. திரும்பி வாங்க என்று அரண்மனை கூப்பிட்டும் ஒருத்தரும் அசையவில்லை. சுவார்ட்ஸ் வாக்குக் கொடுத்தார். சுமார் 7000 பேர் திரும்பி வந்தார்கள். பருவம் தப்பியும் ராப்பகலாகப் பாடுபட்டு வயலை விளைய வைத்தார்கள்!

1787-இல் துளஜா மன்னர் இறக்கும் தறுவாயில், தத்துப் பிள்ளை சரபோஜியை இவர் கையில் ஒப்படைக்க விரும்பினார். ஐயரோ தனியே பொறுப்பேற்கத் தயங்கி, மன்னரின் தம்பி அமர்சிங்கைக் கைகாட்டினார். அது தப்பாகப் போயிற்று. தத்து செல்லாது என்று அமர்சிங்கே அரசரானார். பிள்ளையோ படிப்பில்லாமல் அடைபட்டுக் கிடந்தான். ஐயர் சும்மா இருக்கவில்லை. கம்பெனி அரசிடம் விடாமல் முறையிட்டார். 1793-இல் சரபோஜியைச் சென்னைக்கு அழைத்துப் போய்ப் படிக்க வழி செய்தார். தத்து செல்லும் என்று கம்பெனி ஒப்புக்கொண்டது.

1798 பிப்ரவரி 13-இல் சுவார்ட்ஸ் கண்மூடினார். அதே வருஷம் ஜூனில் சரபோஜி அரியணை ஏறினார். மாணவன் மன்னனானதைப் பார்க்க ஆசிரியருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

தஞ்சை சிவகங்கைப் பூங்கா அருகிலுள்ள சுவார்ட்ஸ் தேவாலயத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். லண்டன் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு சரபோஜி செய்வித்த சலவைக்கல் சிற்பம் அங்கே இருக்கிறது. படுக்கையில் கிடக்கும் குருவின் கையைச் சீடன் பற்றி நிற்கும் காட்சி அது. இந்துவாகவே வாழ்ந்த மன்னர் ஒரு பாதிரியாருக்குச் செலுத்திய நன்றி! பட்டம் வாங்கி வேலைக்குப் போகும் நாமும், நம்ம வாக்கை நாலு பேர் நம்பும்படி வாழ்வோமா?