சூடு தெரியுதா, தெரியலையா? நண்பரின் கையை 4 ஆண்டுகள் சோதித்த டாக்டர் ரிவர்ஸ்... நீலகிரிக்கும் வந்தவர்!

ஆறுமுகநேரி உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நரம்பு பாதித்து, பாதத்தில் சூடு உறைக்காமல் போய்விட்டால், கொதிக்கும் தரையில் நடந்து கால் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. புண்ணான பிறகுதான் தெரியவரும். அதனால்தான் பாதத்தில் சூடும் குளிர்ச்சியும் வைத்துப் பார்க்கும் சோதனையை டாக்டர்கள் செய்கிறார்கள்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கு. ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை என்பதை மெஷினே சொல்லிவிடும். சூடு தெரிகிறதா என்பதை நோயாளிதான் வாய் திறந்து சொல்லணும். அந்தப் பதிலை எவ்வளவு நம்பலாம்?

இதே கேள்வியோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவர் டபிள்யூ.ஹெச்.ஆர். ரிவர்ஸ். மறைந்து 100 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட இந்த ஆங்கிலேய டாக்டருக்கு, நம்ம நீலகிரியோடும் தொடர்பு உண்டு.

யார் இந்த ரிவர்ஸ்?

முழுப்பெயர் வில்லியம் ஹால்ஸ் ரிவர்ஸ் ரிவர்ஸ். அச்சுப்பிழை இல்லை, பெயரில் ரிவர்ஸ் இரண்டு முறை வரும். 1864 மார்ச் 12ஆம் தேதி இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்தார். லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் படித்து 1886ல் பட்டம் பெற்றார். 1893ல் கேம்பிரிட்ஜுக்குப் போய், கண், காது, தோல் போன்ற புலன்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பாடம் நடத்தத் தொடங்கினார். பிரிட்டனின் முதல் உளவியல் ஆய்வகங்களில் ஒன்று அங்கே உருவாக இவர் முக்கியக் காரணம்.

தீவில் கிளம்பிய சர்ச்சை

1898ல் ஆல்ஃபிரட் ஹேடன் தலைமையில் ஒரு குழு, ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கினிக்கும் நடுவே உள்ள டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போனது. அதில் ரிவர்ஸும் ஒருவர். பழங்குடி மக்களுக்குக் கண்பார்வையெல்லாம் அபாரமாக இருக்கும் என்று அப்போது ஐரோப்பாவில் நம்பினார்கள். ரிவர்ஸ் அளந்து பார்த்தார். பார்வைத்திறனில் பெரிய அதிசயம் எதுவும் இல்லை. பழக்கமும் கவனமும்தான் அவர்களைத் தூரத்துப் படகையும் அடையாளம் காண வைக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்.

அதே பயணத்தில் வலியைச் சோதித்தவர் வில்லியம் மெக்டூகல். தீவு மக்களுக்கு வலி உணர்வு ஆங்கிலேயர்களுக்கு இருப்பதில் பாதிதான் என்று அவருடைய கணக்கு சொன்னது. இது லேசான விஷயம் இல்லை. ஒரு கூட்டத்துக்கு வலியே குறைவு என்று எழுதிவிட்டால், அவர்களுக்கு மருந்தும் குறைவாகத்தான் கொடுக்கத் தோன்றும்! 1916ல் டிச்னர் என்ற உளவியலாளர் அந்தப் பயணத்தின் சோதனைகளைக் கேள்வி கேட்டார். இரண்டு இடங்களிலும் சூழல் ஒரே மாதிரி இல்லாதபோது, எண்களை மட்டும் எப்படி ஒப்பிட முடியும் என்பதுதான் அவருடைய வாதம்.

நீலகிரியில் என்ன செய்தார்?

1901-02ல் ரிவர்ஸ் நீலகிரிக்கு வந்து, தோடர் மக்களோடு சில மாதங்கள் வேலை செய்தார். அவர்களுடைய குடும்ப வழிமுறையையும் சடங்குகளையும் விரிவாகப் பதிவு செய்த 'தி தோடாஸ்' புத்தகம் 1906ல் வந்தது. மானுடவியலில் இன்றும் பேசப்படும் புத்தகம் இது.

பலருக்குத் தெரியாத விஷயம், அங்கே அவர் புலன் சோதனைகளையும் நடத்தினார் என்பது. அந்த முடிவுகள் 1905ல் தனிக் கட்டுரையாக வெளியாகின. கேள்வியும் பதிலும் மொழிபெயர்ப்பாளர் வழியாகப் போய் வர வேண்டிய நிலை. லேசாகக் குத்துவதற்கும் வலிப்பதற்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தை இன்னொருவர் வாய் வழியாகக் கேட்டுப் புரிந்துகொள்வது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

கையை அறுத்துக்கொண்ட நண்பர்

அடுத்து நடந்ததுதான் பெரிய சம்பவம். ரிவர்ஸின் நண்பர் ஹென்றி ஹெட், ஒரு நரம்பியல் டாக்டர். நரம்பு அறுந்த நோயாளிகள் சொல்லும் பதில்கள் தெளிவாக இல்லை என்று, தன் இடது முன்கையின் நரம்பையே வெட்டச் சொன்னார். 1903 ஏப்ரல் 25ஆம் தேதி ஜேம்ஸ் ஷெரன் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் நரம்பை வெட்டி, பட்டு நூலால் திரும்பத் தைத்தார்.

அதன் பிறகு ஹெட் லண்டனிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு வந்துபோவார். ரிவர்ஸ் தன் அறையில் வைத்து அந்தக் கையைச் சோதிப்பார். 4 ஆண்டுகளில் மொத்தம் 167 நாட்கள் சோதனை நடந்தது.

ரிவர்ஸின் கவனம் இங்கேதான் தெரிகிறது. ஹெட் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார். ஆனாலும் ஐஸ் கட்டி கண்ணாடியில் உரசும் சத்தம் கேட்டால், குளிர்ச்சிதான் வரப்போகிறது என்று மனசு முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. அடுப்பிலிருந்து கெட்டிலை எடுக்கும் சத்தம் கேட்டாலும் அப்படித்தான். இதைக் கவனித்த ரிவர்ஸ், ஜக்குகளில் வெந்நீரும் குளிர்ந்த நீரும் முன்னாடியே தயாராக வைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் கலக்க ஆரம்பித்தார். ஒரு சுற்று முடியும் வரை கேள்வியும் கேட்க மாட்டார்.

முடிவுகள் 1908ல் வெளியாகின. முதலில் குத்தும் வலி, கடும் சூடு, கடும் குளிர் ஆகியவை திரும்பின. மெல்லிய தொடுதலும் மிதமான சூடும் ரொம்ப நாள் கழித்துத்தான் வந்தன. அதனால் உணர்வுக்கு இரண்டு தனித்தனி நரம்பு ஏற்பாடுகள் இருக்கின்றன என்று இருவரும் சொன்னார்கள்.

இவ்வளவு கவனமாக இருந்தும் தப்பு வந்ததா?

வந்தது. 1909ல் ட்ராட்டர், டேவிஸ் என்ற இரண்டு டாக்டர்கள் தங்கள் நரம்புகளை வெட்டிப் பார்த்தார்கள். 1916ல் அமெரிக்க உளவியலாளர் போரிங்கும் அதையே செய்தார். ஹெட், ரிவர்ஸ் சொன்ன அந்த இரண்டு கட்டப் பிரிவு அவர்களுக்குத் தெளிவாகக் கிடைக்கவில்லை. உணர்வு படிப்படியாகத் திரும்பியது, அவ்வளவுதான். ஒரே ஒரு கை, ஏற்கெனவே ஒரு கோட்பாட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த ஒரே ஒரு ஆள். சத்தத்தை மறைத்த ரிவர்ஸால் அந்த எதிர்பார்ப்பை மறைக்க முடியவில்லை.

முதல் உலகப்போரின்போது ஸ்காட்லாந்தின் க்ரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில், குண்டு அதிர்ச்சியால் மனம் உடைந்த ராணுவ அதிகாரிகளுக்கு ரிவர்ஸ் சிகிச்சை அளித்தார். கவிஞர் சீக்ஃப்ரீட் சசூன் அவர்களில் ஒருவர். உடம்பில் காயம் தெரியாத அவர்களைப் பலர் கோழை என்றார்கள். ரிவர்ஸ் அவர்களைப் பேச வைத்து, காது கொடுத்துக் கேட்டார். 1922ல் லேபர் கட்சி வேட்பாளராகத் தேர்தலில் நிற்கத் தயாரான நேரத்தில், குடலிறக்கம் முறுக்கிக்கொண்டு ஜூன் 4ஆம் தேதி காலமானார். வயது 58.

இன்றைய சோதனை எப்படி?

இன்று வெந்நீர்க் குழாய்க்குப் பதில் கம்ப்யூட்டரோடு இணைந்த சின்னத் தகடு. தோலில் வைத்ததும் பொதுவாக 32 டிகிரி செல்சியஸில் தொடங்கும். விநாடிக்கு 1 டிகிரி வீதம் ஏறும் அல்லது இறங்கும். தெரிந்தவுடன் நோயாளி பட்டனை அழுத்தணும். தோல் வெந்துவிடாமல் இருக்க 50 டிகிரியில் தானாக நின்றுவிடும்.

மெஷின் துல்லியமானதுதான். ஆனால் அழுத்துவது மனிதர். அரை விநாடி தாமதித்தால் கணக்கில் அரை டிகிரி கூடிவிடும். தூக்கக் கலக்கம், பயம், வெயிலில் நடந்து வந்த கால், காய்த்துப்போன தோல், டாக்டர் விளக்கிச் சொன்ன விதம் எல்லாமே எண்ணை மாற்றும். அதனால் ஒரே ஒரு எண்ணை வைத்து யாரும் முடிவு செய்யக்கூடாது. கொஞ்ச நேரம் உட்கார வைத்து, திரும்பத் திரும்பப் பார்த்து, அடுத்த காலோடு ஒப்பிட்டு, மற்ற நரம்புச் சோதனைகளோடும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

உங்களுக்கு இந்தச் சோதனை செய்தால், எப்போது பட்டனை அழுத்த வேண்டும் என்பதை முதலிலேயே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சூடு தெரிகிற மாதிரி இருக்கு, ஆனால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை என்றால், அதையும் அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள்.