மூன்று இழைகளின் மர்மத்தை அவிழ்த்த ராமச்சந்திரன்

ஆட்டுக்கால் சூப் வைத்த வீட்டில் மறுநாள் காலை சட்டியைத் திறந்து பார்த்திருப்பீர்கள். இரவு தண்ணீராக இருந்த சாறு ஆறியதும் கட்டியாக உறைந்திருக்கும். கரண்டியால் தட்டினால் ஆடும். அடுப்பில் வைத்தால் மறுபடியும் தண்ணீர். ஆறினால் மறுபடியும் கட்டி.

யாரும் அதில் மாவு கரைத்து ஊற்றவில்லை. பிறகு அதைக் கட்டியாக்கியது எது?

ஆட்டின் தோலிலும் எலும்பிலும் தசைநாரிலும் இருக்கும் 'கொல்லாஜன்' என்ற நார்ப்பொருள்தான். நம் உடம்பைக் கட்டிக் காப்பதும் அதுவே. உடம்பில் உள்ள புரதத்தில் ஏறக்குறைய கால் பங்குக்குக் குறையாமல் அதுதான் இருக்கிறது.

அந்த நார் உள்ளே எப்படி முறுக்கப்பட்டிருக்கிறது என்பது வெகுகாலம் புரியாத மர்மமாக இருந்தது. அமெரிக்காவின் பெரிய மேதை லைனஸ் பாலிங்கும் 1951-ல் ஒரு விடை சொன்னார். அது தவறாகப் போயிற்று.

மர்மத்தை அவிழ்த்தவர் ஒரு தமிழர். அவிழ்த்த இடம் சென்னை. அப்போது அவருக்கு வயது 31!

அவர்தான் ஜி.என். ராமச்சந்திரன்.

ராமன் பிடித்த மாணவர்

1922 அக்டோபர் 8-ந்தேதி எர்ணாகுளத்தில் ராமச்சந்திரன் பிறந்தார். தகப்பனார் நாராயண அய்யர் அங்கே கல்லூரியில் கணிதப் பேராசிரியர். தாயார் லட்சுமி அம்மாள். தகப்பனாரிடம் இருந்த கணக்கு மகனுக்கும் வந்தது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம் படித்துத் தேறினார்.

1942-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்தது மின்சார என்ஜினீயரிங் பிரிவில். அங்கே பௌதிகப் பிரிவில் சர் சி.வி. ராமன் இருந்தார். பையனின் அறிவைப் பார்த்த ராமன் விடுவாரா? இவ்வளவு கெட்டிக்காரன் உங்கள் பிரிவுக்கு ஆகமாட்டான் என்று மின்சாரப் பிரிவின் தலைவரிடம் சொல்லி, தம்மிடம் இழுத்துக்கொண்டார்.

1947-ல் கேம்பிரிட்ஜ் சென்று, 1949-ல் அங்கேயும் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பிரிவு தொடங்க நினைத்த துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் ராமனை அழைத்தார். ராமன் வரவில்லை. தம் மாணவரின் பெயரைச் சொன்னார். இப்படி 1952-ல், முப்பது வயது நிறையும் சமயத்தில், ராமச்சந்திரன் பேராசிரியராகச் சென்னைக்கு வந்தார்.

கங்காருவின் வால்

சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி பெர்னால், கொல்லாஜன் இன்னும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் குறிப்பிட்டார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். உடன் உழைத்தவர் கோபிநாத் கர்த்தா. மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருந்து நார் கொடுத்து உதவியது. நல்ல எக்ஸ்ரே படம் கிடைத்தது எதிலிருந்து தெரியுமா? கங்காருவின் வால் தசைநாரிலிருந்து!

1954 ஆகஸ்ட் 7-ந்தேதி 'நேச்சர்' பத்திரிகையில் இருவரின் கட்டுரை வந்தது. கொல்லாஜன் ஒரே இழை அல்ல, மூன்று இழைகள் சேர்ந்தது என்றார்கள். மறு ஆண்டு அதைத் திருத்தினார்கள். மூன்றும் சும்மா பக்கத்தில் நிற்கவில்லை, ஒன்றை ஒன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்றார்கள்.

நாசரேத் கடையில் கிணற்றுக் கயிறு வாங்குகிறவர் முதலில் புரியைப் பிரித்துப் பார்ப்பார். ஒவ்வொரு புரியும் ஒரு பக்கம் முறுக்கியிருக்கும். மூன்று புரியும் சேர்ந்த முறுக்கு எதிர்ப்பக்கம் போகும். அதனால்தான் கயிறு தானாகப் பிரிவதில்லை. தூத்துக்குடியில் தோணி கட்டும் வடத்துக்கும் இதே சூத்திரம்தான். கொல்லாஜனும் அப்படியே: தனி இழை இடமாகச் சுழல்கிறது, மூன்றும் சேர்ந்து வலமாகச் சுழல்கின்றன.

ஆனால் கயிற்றை முறுக்க ஆள் வேண்டும். இதை முறுக்குவது யார்?

ஒருவரும் இல்லை. ஓர் இழைக்குள் அணுக்கள் பலமாகக் கோத்திருக்கின்றன. இழைக்கும் இழைக்கும் நடுவே அந்தப் பலமான கோப்பு கிடையாது. ஓர் இழையின் ஹைட்ரஜன் அணு பக்கத்து இழையின் ஆக்ஸிஜன் அணுவை இலேசாக இழுக்கிறது. இதற்கு ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். தனியாக எடுத்தால் அற்பப் பிடிப்பு. ஓர் இழையில் சுமார் ஆயிரம் கண்ணிகள். நெடுகிலும் நூற்றுக்கணக்கில் இந்தப் பிடிப்பு சேரும்போது மூன்று இழைகளும் தாமே முறுக்கிக்கொண்டு நிற்கின்றன.

சூப் சட்டியில் நடப்பதும் இதுதான். கொதியில் இலேசான பிடிப்புகள் விட்டுப்போய் இழைகள் பிரிகின்றன. ஆறும்போது ஒன்றை ஒன்று தேடி அங்கங்கே மறுபடி முறுக்கிக்கொள்கின்றன. நடுவில் தண்ணீர் சிக்கிக்கொள்ள, சாறு கட்டியாகிறது.

வைட்டமின் 'சி' கிடைக்காவிட்டால் உடம்பில் இந்த இழைகள் சரியாகத் தயாராவதில்லை. முறுக்கு நிற்பதில்லை. ஈறு வீங்கி ரத்தம் கசிகிறது. அந்தக் காலத்தில் பழமும் காய்கறியும் இல்லாமல் மாதக்கணக்கில் கடலில் கிடந்த மாலுமிகள் செத்தது இதனால்தான்.

கேம்பிரிட்ஜின் எதிர்ப்பு

சென்னையிலிருந்து இப்படி ஒரு செய்தி வந்ததும் சிலர் சும்மா இருக்கவில்லை. 1955-ல் அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் இருவரும் மறுப்பு எழுதினார்கள். மரபுப் பொருளான டி.என்.ஏ.யின் வடிவத்தைக் கண்ட அதே கிரிக்! மூன்று இழை உண்டு என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ராமச்சந்திரன் கணக்குப்படி மூன்று கண்ணிக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு. அவர்கள் கணக்குப்படி ஒன்றுதான். அவருடைய அமைப்பில் அணுக்கள் இருக்க முடியாத அளவுக்கு நெருக்கியடித்து நிற்கின்றன என்றும் குறை சொன்னார்கள்.

ராமச்சந்திரனுக்கு அது உறுத்தியது. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? இதை யார் அளந்து வைத்திருக்கிறார்கள்? முழுசாக யாரும் இல்லை. சரி, நாமே அளப்போம் என்று இறங்கினார்.

பஸ்ஸில் இருவர் உட்காரும் இடத்தில் மூவர் ஒண்டலாம். ஐந்து பேர் முடியாது. அணுக்களுக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு. புரத இழையின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு இடத்தில் திரும்பும். எந்தத் திருப்பத்தில் அணுக்கள் இடிக்கும், எதில் இடிக்காது? சசிசேகரனும் ராமகிருஷ்ணனும் அவருடன் சேர்ந்து, மேசைக் கணக்கு யந்திரத்தைத் தட்டித் தட்டிக் கணக்குப் போட்டார்கள். 1963-ல் விடை ஒரு சதுரப் படமாக வந்தது. அதுதான் 'ராமச்சந்திரன் படம்'. இன்று உலகில் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டதாகச் சொல்லும் விஞ்ஞானி, அதை இந்தப் படத்தில் வைத்துச் சரிபார்க்கிறார். குறை சொன்னவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

நியாயத்தையும் சொல்லவேண்டும். பிணைப்புக் கணக்கில் கேம்பிரிட்ஜ்காரர்கள் பக்கமே உண்மை இருந்தது. இழைகளுக்கு இடையே நேரான பிணைப்பு மூன்று கண்ணிக்கு ஒன்றுதான். தண்ணீர் மூலக்கூறுகள் நடுவில் நின்று பாலம் போடக்கூடும் என்று 1968-ல் ராமச்சந்திரன் சொன்னார். 1994-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் துல்லியமாகப் படம் எடுத்தபோது, தண்ணீர்ப் பாலங்கள் அங்கே இருந்தன.

கடைசி நாட்கள்

1970 வாக்கில் பெங்களூருக்குத் திரும்பி, மூலக்கூறு உயிர்ப்பௌதிகத்துக்குத் தனிப்பிரிவு தொடங்கினார். 1971-ல் ஏ.வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, பல எக்ஸ்ரே நிழல்களிலிருந்து உள்ளுருவத்தை வரைந்தெடுக்கும் கணக்கு முறையையும் கண்டார். ஸ்கேன் யந்திரங்களில் இத்தகைய கணக்கு பெரிதும் பயன்பட்டது. 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. நோபல் பரிசு வரவில்லை.

மனைவி ராஜலட்சுமி 1998-ல் காலமானார். ராமச்சந்திரனுக்கு ஏற்கெனவே நடுக்குவாத நோய். 1999-ல் படிக இயல் விஞ்ஞானிகளின் உலக அமைப்பு ஈவால்ட் பரிசு கொடுத்தது. 2001 ஏப்ரல் 7-ந்தேதி சென்னையில் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 78.