தூக்கிப் போடும் பிளேடு.. நூறு வருஷம் நிற்கும் ரேசர்! யார் இந்த ஜில்லெட்?

ஷேவ் பண்ணிவிட்டு மழுங்கிய பிளேடைத் தூக்கிப் போடுகிறோம். இந்தப் பழக்கத்தை உலகம் முழுக்கப் பரப்பியவர் கிங் கேம்ப் ஜில்லெட். ஆனால் அவர் விற்ற ரேசர்களைப் பலர் இன்றும் தேடிப்பிடித்து, சரிசெய்து பயன்படுத்துகிறார்கள். எப்படி? அவர் கதையைப் பார்ப்போம்.

தீயில் போன சொத்து

1855 ஜனவரி 5-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தவர் ஜில்லெட். சிகாகோவில் வளர்ந்தார். 1871-ல் அந்த நகரத்தையே எரித்த பெருந்தீயில் குடும்பத்தின் சொத்து போனது. அப்போது அவருக்கு 16 வயது. பிறகு ஊர் ஊராக அலையும் விற்பனையாளர் ஆனார்.

சோடா மூடி தந்த பாடம்

1890-களில், பாட்டில் மூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்டரின் நிறுவனத்தில் சேர்ந்தார். மக்கள் ஒருமுறை வாங்கி, பயன்படுத்தி, தூக்கிப் போட்டுவிட்டு, மறுபடியும் வாங்கும் பொருளைக் கண்டுபிடிக்கச் சொன்னார் பெயின்டர். அந்த யோசனை மனசில் ஒட்டிக்கொண்டது.

1895-ல் ஒருநாள் காலை ஷேவ் பண்ணும்போது சவரக் கத்தி மழுங்கியிருந்தது. இதைத் தீட்டிக்கொண்டே இருப்பதற்குப் பதில், மெல்லிய தகட்டில் பிளேடு செய்து மாற்றினால் என்ன என்று தோன்றியது.

முடியாது என்றார்கள்

சேஃப்டி ரேசர் அதற்கு முன்பே இருந்தது. ஆனால் அதன் பிளேடையும் தீட்டித்தான் ஆக வேண்டும். அவ்வளவு மெல்லிய எஃகுத் தகட்டைக் கெட்டியாக்கி, கூராக்க முடியாது என்று நிபுணர்கள் கைவிரித்தார்கள். பொறியாளர் வில்லியம் நிக்கர்சன்தான் வழி கண்டார். 1901-ல் நிறுவனம் பிறந்தது.

விற்பனை தொடங்கிய 1903-ல் போனது வெறும் 51 ரேசர், 168 பிளேடு. 1904-ல் காப்புரிமை கிடைத்தது. விற்பனை சூடு பிடித்தது. முதல் உலகப் போரில் அமெரிக்க வீரர்களுக்காக அரசு வாங்கியது சுமார் 35 லட்சம் ரேசர்கள். பிளேடு உறையில் அச்சான ஜில்லெட்டின் மீசை முகம் ஊருக்கெல்லாம் தெரிந்தது.

கடைசியில் என்ன ஆச்சு?

1929 பங்குச்சந்தை வீழ்ச்சியில் சொத்தில் பெரும்பகுதி கரைந்தது. 1932 ஜூலை 9-ல், 77 வயதில், லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்தார். சம்பாதித்தது நிலைக்கவில்லை, செய்த பொருள் நிலைத்தது.

பழைய ரேசர் எப்படி உயிர் பெறுகிறது?

அந்தக் கால ரேசரின் உடல் பித்தளை, மேலே வெள்ளி அல்லது நிக்கல் முலாம். பித்தளை இரும்பைப் போலத் துருப்பிடித்து உதிராது. மூன்று பாகமாகக் கழற்றி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊற வைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் சோப்புக் கறை கரையும். உப்புக் காகிதம், கம்பி நார் கூடவே கூடாது, முலாம் போய்விடும்.

சீப்புப் பல் வளைந்திருந்தால் மெதுவாக நிமிர்த்த வேண்டும், அவசரப்பட்டால் உடையும். இருபுறமும் பிளேடு சமமாக உட்கார்ந்தால்தான் ஷேவ் பண்ணலாம். இல்லையென்றால் முகத்தில் வெட்டு நிச்சயம்.

கடையில் கிடைக்கும் இரண்டு பக்கக் கூர் பிளேடு, ஜில்லெட்டின் ஆரம்பகால ரேசரிலும் பொருந்துகிறது. தூக்கிப் போடச் செய்தது பிளேடை மட்டும்தான். பிடி, வைத்துக்கொள்ளச் செய்தது.