எக்ஸ்ரே தந்த எளிய மனிதர் ராண்ட்ஜன்



நாள்பட்ட இருமலானாலும் எலும்பு முறிவானாலும் மருத்துவர் முதலில் எழுதிக் கொடுப்பது எக்ஸ்ரே. ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சிலருக்கோ அது தொழிற்சாலைக்குள்ளேயே பழகிய பொருள். வார்ப்படத்தின் உள்ளே காற்றுக் குழி உண்டா, வெல்டிங் முழுதும் பிடித்திருக்கிறதா என்று உடைக்காமலே காட்டித் தருவது அதே கதிர்தான். அதை உலகிற்குத் தந்த விஞ்ஞானி வில்ஹெல்ம் ராண்ட்ஜன், பீடத்தில் வைக்கப்பட்ட புனிதர் அல்லர். நம் பிரிந்த சகோதரர்களின் சபையில் பிறந்தவர். ஆயினும் இல்லறத்தார் யாவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய வாழ்வு அவருடையது.

அவர் ஜெர்மனி நாட்டில் லென்னப் என்னும் ஊரில் 1845 மார்ச் 27-ஆம் நாள் பிறந்தார். துணி வணிகர் ஒருவரின் ஒரே மகன். தாயார் ஹாலந்துக்காரர். ராண்ட்ஜனுக்கு மூன்று வயதாகும்போது குடும்பம் ஹாலந்தில் குடியேறியது. உட்ரெக்ட் நகரப் பள்ளியில் படிக்கையில், ஆசிரியர் ஒருவரைக் கேலி செய்து உடன் பயின்ற மாணவன் ஒருவன் படம் வரைந்துவிட்டான். பழி ராண்ட்ஜன் மீது விழுந்தது. வரைந்தவன் யாரென்று காட்டிக்கொடுக்க மறுத்ததால் அவர் பள்ளியை விட்டு நீக்கப்பட்டார். கையில் பள்ளி இறுதிச் சான்றிதழ் இல்லாமற் போயிற்று.

அந்த ஒரு காகிதம் இல்லாத குறை அவரை நெடுங்காலம் துரத்தியது. நுழைவுத் தேர்வின் மூலம் மாணவரைச் சேர்த்துக்கொண்ட சூரிச் தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் கிடைத்தது. 1868-ல் இயந்திரப் பொறியியலில் பட்டயம் பெற்றார். அடுத்த ஆண்டு டாக்டர் பட்டம். பேராசிரியர் குண்ட் என்பவரிடம் உதவியாளராகச் சேர்ந்து இயற்பியலுக்குத் திரும்பினார். ஆனால் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகமோ பள்ளிச் சான்றிதழைக் காரணம் காட்டி, விரிவுரையாளர் தகுதி தர மறுத்தது. மனம் தளராமல் வேறு ஊர்களில் உழைத்தார். அதே பல்கலைக்கழகம் 1888-ல் அவரைப் பேராசிரியராக அழைத்தது. 1894-ல் தலைவராகவும் தேர்ந்தெடுத்தது. டிப்ளமோ படித்துவிட்டு நிரந்தர வேலைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் நம் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சூரிச்சில் விடுதி நடத்தி வந்த ஒருவரின் மகள் பெர்த்தா. ராண்ட்ஜனை விட ஆறு வயது மூத்தவர். 1872-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது. பிள்ளைப்பேறு வாய்க்கவில்லை. பெர்த்தாவின் உடன்பிறந்தாரின் மகளை, 1887-ல் ஆறு வயதுக் குழந்தையாக, தம் இல்லத்தில் ஏற்று மகளாகவே வளர்த்தனர்.

1895 நவம்பர் 8-ஆம் நாள் மாலை. காற்று நீக்கிய கண்ணாடிக் குழாயில் உயர் மின்னழுத்தம் செலுத்தி ராண்ட்ஜன் ஆய்வு செய்துகொண்டிருந்தார். குழாயைக் கறுப்பு அட்டையால் மூடி, அறையையும் இருட்டாக்கியிருந்தார். அப்போது சற்றுத் தள்ளியிருந்த, பேரியம் உப்புப் பூசிய திரையொன்று ஒளிர்ந்தது. அட்டையைக் கடந்து கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று செல்கிறது என்று உணர்ந்தார். யாரிடமும் சொல்லவில்லை. ஏழு வாரம் ஆய்வுக்கூடமே கதியென்று கிடந்தார். காகிதத்தையும் மரத்தையும் அக்கதிர் ஊடுருவிற்று, ஈயம் தடுத்தது, தசை வழிவிட்டது, எலும்போ நிழலாய் நின்றது. இன்னதென்று அறியாத கதிர் என்பதால் கணிதத்தில் அறியாததற்கு இடும் எழுத்தை இட்டு எக்ஸ் கதிர் என்றார்.

டிசம்பர் 22 அன்று மனைவியை அழைத்து, ஒளிப்படத் தகட்டின் மேல் கையை வைக்கச் செய்து, கதிரைச் செலுத்தினார். விரல் எலும்புகளும், அவற்றில் ஒன்றைச் சுற்றித் திருமண மோதிரமும் தெரிந்தன. தம் எலும்பைத் தாமே கண்ட பெர்த்தா, சாவையே கண்டதுபோல் திடுக்கிட்டார் என்பர். இன்று உலகெங்கும் பாடநூல்களில் இடம்பெறும் படம் அது. தசை மறைந்த இடத்திலும் மறையாமல் நின்றது அந்த மோதிரம். திருமண அருட்சாதனம் பெற்ற நமக்கு இதைவிட வேறு மறையுரை வேண்டுவதில்லை.

1896 பிறந்ததும் செய்தி உலகெங்கும் பரவியது. சில வாரங்களில் மருத்துவர்கள் எலும்பு முறிவையும் உடலுள் தைத்த குண்டையும் எக்ஸ்ரேயில் பார்க்கத் தொடங்கினர். காப்புரிமை பெற்றிருந்தால் ராண்ட்ஜன் பெருஞ்செல்வராகியிருப்பார். அவரோ, இது மனிதகுலம் முழுவதற்கும் உரியது என்று கருதிக் காப்புரிமை கேட்கவே இல்லை. இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு 1901-ல் அவருக்கே வந்தது. பரிசுத் தொகையை அறிவியல் வளர்ச்சிக்கென வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திற்குக் கொடுத்துவிட்டார். பிரபுப் பட்டத்தையும் ஏற்கவில்லை.

பின்னர் மியூனிக் நகரில் பணியாற்றினார். பெர்த்தா நெடுநாள் நோயாளியானார். உலகப் புகழ் பெற்ற பேராசிரியர், மனைவியின் வலி தணிய நாளுக்குப் பலமுறை தம் கையாலேயே ஊசி போட்டார். 47 ஆண்டு இல்லறத்திற்குப் பின் 1919-ல் பெர்த்தா மறைந்தார். போருக்குப் பின் வந்த பணவீக்கத்தில் ராண்ட்ஜனின் சேமிப்பு கரைந்தது. 1923 பிப்ரவரி 10-ஆம் நாள் குடல் புற்றுநோயால் இறந்தார். கீசன் நகரில் பெற்றோருக்கும் மனைவிக்கும் அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் தந்த கதிர் நன்மையோடு ஆபத்தையும் கொணர்ந்தது. தொடக்க காலத்தில் அளவறியாமல் கையாண்ட மருத்துவர்களும் உதவியாளர்களும் விரல்களை இழந்தனர், உயிரையும் இழந்தனர். அவர்கள் நினைவாக ஹாம்பர்க் நகரில் 1936-ல் நினைவுத் தூண் எழுப்பப்பட்டது. கதிரை அளந்து, நோயுற்ற இடத்திற்கு மட்டும் வேண்டிய அளவு செலுத்த வழி செய்யும் மருத்துவ இயற்பியல் இவ்வாறு வளர்ந்தது. காஞ்சிபுரம் காரப்பேட்டை புற்றுநோய் மருத்துவமனையிலும் அடையாற்றிலும் கதிர்ச் சிகிச்சை பெறும் நம்மவர்கள் அந்த அளவுக் கணக்கை நம்பியே படுக்கிறார்கள்.

ஆகவே, தொழிற்சாலையில் கதிர்ப் பணி செய்யும் பிள்ளைகளே, வேலை அவசரம் என்று சட்டையில் அணிந்த கதிர் அளவு வில்லையைக் கழற்றி வைக்காதீர்கள். மேற்பார்வை செய்வோரே, ஒப்பந்தத் தொழிலாளி என்பதற்காக அதைக் கொடுக்காமல் விடாதீர்கள். இரவு ஷிப்ட் முடிந்து களைத்து வரும் கணவன்மாரே, வீட்டில் நோயுற்றுக் கிடப்பவளுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் கை உங்களுடையதாகவும் இருக்கட்டும். கடவுள் இலவசமாய்த் தந்த திறமையில் ஒரு பங்கையாவது விலை பேசாமல் பிறருக்குக் கொடுப்போம். அதுவே இவ்விழாவில் நாம் இறைவனுக்குச் செலுத்தும் நல்ல காணிக்கை.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் நிலைப்பதாக.